வழி கேட்கும் விளக்கு



பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழன் ஒருவன், புதிய ஊரின் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நிற்கும் முதல் நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். கடைப் பலகைகளில் எழுதியிருப்பது அவனுக்கு விளங்குவதில்லை. பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயர் அவனுக்கு வெறும் சித்திரமாகத் தோன்றுகிறது. வழி கேட்கலாமென்றாலோ வாய் எழுவதில்லை. ஆயினும் அவ்வூரில் அவன் அன்றைக்கே தடையின்றிப் படிக்கக்கூடிய எழுத்து ஒன்று உண்டு. விளக்கின் நிறமே அந்த எழுத்து. சிவப்பைக் கண்டால் நிற்கிறான். பச்சையைக் கண்டால் நடக்கிறான். கூரையின்மேல் விளக்குச் சுழல, சங்கொலி எழுப்பிக்கொண்டு ஒரு வண்டி விரைந்து வருமாயின் ஒதுங்கி வழி விடுகிறான். இதற்குக் கன்னடமும் வேண்டியதில்லை, இந்தியும் வேண்டியதில்லை.

இந்த எழுத்தை எவர் எழுதலாம், எவர் எழுதக்கூடாது என்று முடிவு செய்ய நம் நாட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன். அதன் முக்கியமான காட்சி ஒன்று, வெளியூர்த் தமிழர்க்கு நன்கு பழகிய ஓர் இடத்தில் நடந்தது என்பதனால், முதலில் அந்த இடத்திற்குச் செல்வோம்.

பெங்களூரில் அல்சூரை அறியாத தமிழர் இலர். கன்னடத்தார் அதனை ஹலசூரு என்பர். பலாவைக் குறிக்கும் ஹலசு என்னும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பது வழக்கு. அங்குள்ள சோமேசுவரர் கோயில் மிகப் பழையது, ஏரி பெரியது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டினத்திலிருந்து பெயர்த்து இப்பகுதியில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, படையின் பின்னே சென்னை மாகாணத்துத் தமிழரும் திரண்டு வந்தனர். கொத்தர், தச்சர், வணிகர், சமையற்காரர், கணக்கர் எனப் பல தொழிலினரும் அவருள் இருந்தனர். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் இராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. அப்படையின் வீரர்களை இராணுவ வட்டாரத்தில் 'தம்பி' என்று அழைப்பது மரபு. ஏரியை அடுத்துச் செல்லும் அண்ணாசாமி முதலியார் சாலையிலேதான் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ளது. அதே சாலையின் முதலாம் எண்ணுள்ள வளாகத்தில் கர்நாடக மாநிலத் தீயணைப்புத் துறையின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. தமிழ் கேட்கச் செல்பவரும் தீயணைக்கப் புறப்படுபவரும் ஒரே சாலையைப் பயன்படுத்துகின்றனர் எனலாம்.

அல்சூரிலிருந்து தென்மேற்கே சிறிது தூரம் சென்றால், மகாத்மா காந்தி சாலையின் கிழக்குக் கோடியில் ஒரு நாற்சந்தி வரும். அருகிலுள்ள மாதா கோயிலின் பெயரால் அதனை டிரினிடி சர்க்கிள் என்பர். அந்தச் சந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அங்கே திரும்பி வருவோம்.

விளக்கு என்பது தமிழர் வாழ்வில் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. ஒன்று, இருளில் திகைப்பவருக்கு உதவுவது. கடலில் வரும் கலங்களைக் கரைக்கு அழைத்த கலங்கரை விளக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. மாமல்லபுரத்தில் குன்றின்மேல் நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலும் ஒரு காலத்தில் கப்பல்களுக்காக விளக்கேற்றினர். மற்றொன்று, செல்பவரின் பெருமையைப் பிறருக்கு அறிவிப்பது. இவ்வகையின் முழு உருவம் 'பகல் விளக்கு' என்னும் விருது. அரசர்கள் தாம் சிறப்பிக்க விரும்பியவர்க்குப் பல்லக்கு, குடை, நடைபாவாடை முதலியவற்றோடு பகல் விளக்கையும் வழங்கினர். நடைபாவாடை என்பது நடக்கும் வழியில் விரிக்கும் துணி. பகல் விளக்கு என்பது பட்டப்பகலில் முன்னே ஏந்திச் செல்லும் தீவட்டி. வெயிலில் எரியும் தீவட்டியால் எவருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அதனாலேதான் அது விருதாயிற்று. தேவைக்கு ஏற்றுவது எவரும் ஏற்றக்கூடியது, தேவையின்றி ஏற்றுவதற்கன்றோ உரிமை வேண்டும்! இவ்வுரிமைகளைப் பற்றி வலங்கை, இடங்கைப் பிரிவினருக்குள்ளே எத்தனை பூசல்கள் விளைந்தன என்பதைத் தென்னாட்டு வரலாறு கற்றோர் அறிவர். எந்தத் தெருவில் எவர் எந்த விருதோடு போகலாம் என்பது கைகலப்பில் முடிந்த வழக்காக இருந்தது.

இந்தப் பகல் விளக்கு, மோட்டார் யுகத்தில் வண்டியின் கூரைமேல் ஏறிக்கொண்டது. எப்படி ஏறியது என்று காண்போம்.

நிறத்திற்குச் சட்டப்படியான பொருளை முதலில் கொடுத்தது இரயில்வேதான். சென்னையிலிருந்து செல்லும் இரயில் பாதையின் கிளை, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கன்டோன்மென்ட் வரை 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அல்சூர்த் தமிழரில் பலருடைய முன்னோர் அப்பாதையில் வந்தவரே. அந்நாளைய இரயில் முறையில் சிவப்பு அபாயத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை தடையின்மையையும் குறித்தன. இதில் ஒரு பெருங்குறை இருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெண்மையாகத் தெரியும். 'நில்' என்று சொல்ல வேண்டிய கம்பம் 'வா' என்று சொல்லிவிடும். வழியிலுள்ள வீட்டு விளக்கையும் கைகாட்டி என்று ஓட்டுநர் மயங்கக்கூடும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையைத் தடையின்மைக்கு உரியதாக்கத் தொடங்கியது. ஒரு நிறத்தை இரண்டு பொருளில் வழங்கினால் உயிர்ச்சேதம் நேரும் என்பது இரயில்வேயார் கண்ட அனுபவம்.

இரயில்வேயின் நிறங்கள் தெருவுக்கு வந்தது 1868ஆம் ஆண்டில். இலண்டனில் பாராளுமன்றத்தின் அருகே, நைட் என்னும் இரயில்வேப் பொறியாளர் சிவப்பும் பச்சையும் காட்டும் எரிவாயு விளக்குக் கம்பம் ஒன்றை நிறுவினார். சில வாரங்களுக்குள் அது வாயுக் கசிவினால் வெடித்து, அதனை இயக்கிய போலீஸ்காரர் காயமுற்றார். அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பேச்சையே எவரும் எடுக்கவில்லை.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென்று 1914ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 1939ஆம் ஆண்டில் விரிவான மற்றொரு சட்டமும் பிறந்தன. இன்று நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து வழங்கி வருகின்றன. விளக்கின் நிறத்தைப் பற்றிக் கூறுவது அவற்றுள் 108ஆம் விதி. ஆம்புலன்சை அழைக்கும் தொலைபேசி எண்ணும் 108 என்பது நேயர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பரிலும், கர்நாடகத்தில் அவ்வாண்டு நவம்பரிலும் அந்தச் சேவை தொடங்கிற்று. இரண்டுக்கும் ஒரே எண் அமைந்தது தற்செயலே. ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு வசதியாயிற்று.

108ஆம் விதியின் அடிப்படைக் கருத்து மிக எளியது. எந்த மோட்டார் வண்டியும் முன்புறத்தில் சிவப்பு விளக்குக் காட்டக்கூடாது. பின்புறத்தில் சிவப்பல்லாத விளக்குக் காட்டக்கூடாது. இருளில் எதிரே வெண்மை தெரிந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது, செம்மை தெரிந்தால் நம்மை விட்டு விலகிச் செல்கிறது என்று பொருள். இதனை வண்டி விளக்கின் இலக்கணம் என்றே சொல்லலாம். பின்னோக்கி நகரும்போது எரியும் வெள்ளை விளக்கு, திரும்புவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஆகியவை சிறு புறனடைகள். பெரும் புறனடைகள் இரண்டு. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியில், ஊதா நிறக் கண்ணாடி பொருத்தி, விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கை வைக்கலாம் என்றது ஓர் உட்பிரிவு. மற்றோர் உட்பிரிவு, மத்திய அரசாங்கமோ மாநில அரசாங்கமோ குறிப்பிடும் உயர் பதவியினரின் வண்டியில் முன்புறம் சிவப்பு விளக்கு வைக்கலாம் என்றது. நோயாளியும் உயர் பதவியினரும் ஒரே விதியின் கீழ் அடுத்தடுத்து நின்றனர். பின்வந்த தொல்லைகளுக்கெல்லாம் வித்து அங்கே இருந்தது.

அவற்றைச் சொல்வதற்கு முன்னே, சிவப்பு ஏன் என்ற கேள்விக்கு ஒரு சொல். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்பின் அலைநீளமே மிகுதி. ஆதலால் காற்றிலுள்ள நுண்ணிய துகள்களால் அது குறைவாகச் சிதறித் தொலைவுக்குச் செல்கிறது. அந்திச் சூரியன் சிவந்து தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. ஆனால் கண்ணின் இயல்பு வேறு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப் போகிறது. நீலம் நெடுநேரம் விளங்குகிறது. மாலை மங்கும்போது தோட்டத்தில் செம்பருத்தி கறுத்திருக்க, சங்குப்பூ தெளிவாகத் தெரிவதை நீங்களே காணலாம். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து எழுதினார். நகரத்து வீதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னே நிற்கும் நூறு வண்டிகளின் பின்புறத்திலும் சிவப்பு விளக்கே எரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்சின் சிவப்பு எளிதில் கலந்து மறைந்து விடும். ஜெர்மனி நாடு இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தன் போலீஸ் வண்டிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் நீல விளக்கைத் தேர்ந்தது. வானிலிருந்து நோக்கும் பகை விமானத்துக்கு நீலம் எளிதில் புலப்படாது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பர். சாலை செப்பனிடும் வண்டி, பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் வண்டி முதலிய பணி வண்டிகளுக்குப் பல நாடுகள் மஞ்சளை வைத்துக்கொண்டன. 'விலகு' என்று அது கட்டளையிடுவதில்லை. 'பார்த்து வா' என்று சொல்வதோடு நிற்கிறது.

நம் நாட்டில் நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சியைவிட அதற்கு உரியவர் யார் என்ற போட்டியே மிகுந்தது. மத்திய அரசாங்கம் 2002, 2005ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிக்கைகளில் சிவப்பு விளக்குக்கு உரியவரின் பட்டியல் இருந்தது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதம மந்திரி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மத்திய மந்திரிகள் ஆகியோர்க்குச் சுழலும் சிவப்பு விளக்கு. அவர்க்கு அடுத்த நிலையினர் சிலர்க்குச் சுழலாத சிவப்பு விளக்கு. சுழல்வதா, நிலையாக எரிவதா என்பதிலும் படிநிலை இருந்ததைக் கவனியுங்கள்! பல்லக்குக்கு எத்தனை ஆள் என்று கணக்கிட்ட பழங்காலத்துக்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை.

மாநிலங்கள் தத்தமக்கென்று வேறு பட்டியல்கள் வகுத்தன. அவை ஆண்டுதோறும் நீண்டன. சில மாநிலங்களில் அதிகாரிகளுக்கு மஞ்சள் விளக்கும் நீல விளக்கும் வழங்கப்பட்டன. மாநில எல்லையைக் கடந்தால் நிறத்தின் பொருளும் மாறிற்று. ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் புகுந்த தமிழன், புதிய எழுத்தோடு புதிய விளக்கு வரிசையையும் கற்க வேண்டியிருந்தது. பட்டியலில் இல்லாதவரும் கடைவீதியில் விளக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டனர். வட இந்தியாவில் 'லால் பத்தி' என்ற சொல்லே பதவிக்கும் செல்வாக்குக்கும் மறுபெயராயிற்று. இதனால் விளைந்த தீமை வீண் பெருமையோடு நிற்கவில்லை. பின்னால் சிவப்பு விளக்குச் சுழன்று வருகிறது என்றால், மக்கள் 'யாரோ பெரிய மனிதர் போகிறார்' என்று முணுமுணுத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாய் ஒதுங்கத் தொடங்கினர். அவ்வாறு வந்தது உண்மையில் ஆம்புலன்சாக இருந்தால், அந்த முணுமுணுப்புக்கு விலை கொடுத்தவர் உள்ளே படுத்திருந்தவரே. உடைந்த சிவப்புக் கண்ணாடியினால் இரயில்வேக்கு நேர்ந்த மயக்கம் இங்கே வேறு வடிவில் நேர்ந்தது. அங்கே கண்ணாடி உடைந்தது, இங்கே நம்பிக்கை.

உத்தரப் பிரதேசத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் சிங்வி, நாகப்பன் ஆகிய இருவரும் அவ்வழக்கை விசாரித்தனர். இவர்களுள் நாகப்பன் முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அரசியல் சட்டத்தால் அமைந்த உயர் பதவியினர் மட்டும், அதுவும் அரசாங்கப் பணியில் செல்லும்போது மட்டுமே சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். மாநிலங்கள் பட்டியலைத் தம் விருப்பம்போல் நீட்டலாகாது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் முதலிய பணி வண்டிகள் சிவப்பை விடுத்து நீலம், வெள்ளை, பல வண்ணம் ஆகிய விளக்குகளைப் பயன்படுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். பல குரலில் ஒலிக்கும் ஊதுகுழல்களைத் தனியார் வண்டிகளிலிருந்து அகற்றுமாறும் நீதிமன்றம் கட்டளையிட்டது. சிவப்பு விளக்கு மோகம் ஆங்கிலேயர் ஆட்சிக்கால மனப்பான்மையின் எச்சம் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. என் கருத்தில் நீதிமன்றம் பாதி வழியே சென்றது. பட்டியலைச் சுருக்கிற்று, ஆனால் பதவிக்கு ஒரு விளக்கு என்ற கொள்கையை விட்டுவைத்தது. அன்றியும் தொலைவில் தெரியும் சிவப்பைப் பதவிக்குக் கொடுத்து, நெருப்பணைக்கச் செல்பவனை வேறு நிறம் தேடிக்கொள் என்றது சற்று வியப்பாகவே இருக்கிறது.

அந்தத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில், மக்கள் மனம் வைத்தால் வழி எவ்வளவு விரைவில் திறக்கும் என்பதைச் சென்னை காட்டிற்று. 2014ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், மூளைச் சாவுற்ற ஒருவரின் இதயத்தைச் சென்னை அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாற்றிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. உடலினின்று எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே பயன்படும் நிலையில் இருக்கும். போக்குவரத்துப் போலீசார் வழிநெடுகப் பச்சை விளக்கு விழச் செய்து, சந்திதோறும் வண்டிகளை நிறுத்தினர். சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை ஆம்புலன்ஸ் 14 நிமிடத்திற்குள் கடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பெங்களூரிலிருந்தே ஓர் இதயம் விமானத்தில் சென்னைக்கு வந்தது. இரண்டு நகரத்துப் போலீசாரும் இரண்டு நகரத்து மக்களும் வழிவிட, கர்நாடகத்தில் துடித்த இதயம் தமிழ்நாட்டில் மற்றொருவர் மார்பில் துடிக்கலாயிற்று. தண்ணீரைக் குறித்தே இரு மாநிலங்களைச் சேர்த்துப் பேசிப் பழகியவர்கள் இதனையும் நினைவில் கொள்ளலாம்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மத்திய மந்திரி சபை எஞ்சிய பாதி வழியையும் கடந்தது. மே மாதம் முதல் நாளிலிருந்து எந்தப் பதவியினருக்கும் கூரைமேல் விளக்கில்லை என்று முடிவாயிற்று. குடியரசுத் தலைவருக்கும் இல்லை, பிரதம மந்திரிக்கும் இல்லை, முதன்மை நீதிபதிக்கும் இல்லை. 108ஆம் விதியில் உயர் பதவியினரைப் பற்றிய உட்பிரிவு நீக்கப்பட்டது. மாநிலங்கள் நீல விளக்குக்குப் பட்டியல் வகுக்க இடந்தந்த பகுதியும் நீக்கப்பட்டது. அவற்றுக்கு ஈடாக, சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் கலந்த விளக்கு அவசரப் பணிக்கும் பேரிடர்ப் பணிக்கும் என ஒதுக்கப்பட்டது. தீயணைப்பு, சட்டம் ஒழுங்கைக் காக்கும் போலீஸ், இராணுவம், துணை இராணுவம், நில நடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு, புயல், கடற்கோள் ஆகிய இயற்கைப் பேரிடர், அணு, இரசாயன, உயிரியல் விபத்து ஆகியவை அப்பணிகள். அப்பணியில் இருக்கும்போது மட்டுமே விளக்கு எரிய வேண்டும். பணி முடிந்து திரும்பும்போது எரியலாகாது. உரிமை பெற்ற வண்டிகளின் பட்டியலை மாநிலப் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும். அவ்வண்டியின் முன் கண்ணாடியில் போலி செய்ய இயலாத முத்திரைச் சீட்டு ஒட்டப்பட வேண்டும். ஆம்புலன்சின் ஊதாக் கண்ணாடி உட்பிரிவு மட்டும் பழையபடியே விடப்பட்டது. அத்தகைய ஊதா ஒளியைக் கண்ணால் கண்டவர் நம்முள் எத்தனை பேர் இருப்பரோ! சட்டப் புத்தகத்தில் சில சொற்கள் வீதிக்கு வராமலே வாழ்ந்துவிடுகின்றன.

விளக்கைக் கழற்றுவது எளிது. மந்திரிகள் பலர் மே மாதம் வரை காத்திராமல் தம் கையாலேயே கழற்றினர். ஆனால் விளக்கைக் கழற்றியதும் பதவியின் பொருட்டு வீதியை மூடும் வழக்கம் ஒழியுமா என்பது வேறு கேள்வி. வண்டி வரிசை முன்னைப் போலவே செல்லும். பாதுகாப்புக் கருதிச் சந்திகளில் மக்களை முன்னைப் போலவே நிறுத்துவர். மே முதல் நாள் கழிந்து ஏழு வாரங்கள்கூட நிறையவில்லை. அல்சூரின் ஓரத்திலுள்ள டிரினிடி சர்க்கிளில் அந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது.

2017ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், சனிக்கிழமை. பெங்களூர் மெட்ரோ இரயிலின் முதற்கட்டப் பணி நிறைவேறி, பச்சைத் தடத்தின் எஞ்சிய பகுதியைத் திறந்துவைக்கக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வந்திருந்தார். அவருடைய வண்டி வரிசை ஆளுநர் மாளிகையை நோக்கி டிரினிடி சர்க்கிளை நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சந்தியில் பணியிலிருந்தவர் போக்குவரத்துப் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் எம். எல். நிஜலிங்கப்பா. வரிசை கடக்கும்வரை வேறு வண்டிகளை விடாதிருப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவ்வேளையில், நின்றுகொண்டிருந்த வண்டிகளின் நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ் வழியின்றித் தவிப்பதை அவர் கண்டார். எச்.ஏ.எல். பகுதியிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய வண்டி அது.

இங்கே சற்று நின்று அம்மனிதரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருபுறம் நாட்டின் முதற்குடிமகன். அவருடைய பாதையில் ஒரு நிமிடத் தடை நேர்ந்தாலும் பாதுகாப்பில் குறை என்று கேள்வி எழும்; கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் சந்தியில் நின்ற சப் இன்ஸ்பெக்டர். மறுபுறம் பெயர் தெரியாத ஒரு நோயாளி. தாமதமானால் எவரும் அவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. மேலதிகாரியிடம் அனுமதி பெற்று வருவதற்குள் இரண்டில் ஒன்று நடந்து முடிந்திருக்கும். நிஜலிங்கப்பா குடியரசுத் தலைவரின் வரிசையை நிறுத்தினார். ஆம்புலன்சுக்கு வழி விட்டார். அது சென்ற பின்னரே வரிசை நகர்ந்தது.

செய்தி வெளிவந்ததும் நாடு முழுவதும் அவரைப் பாராட்டிற்று. பெங்களூர் மாநகரப் போலீஸ் அவருக்குப் பரிசு அறிவித்தது. இதில் நான் முதன்மையாகக் கருதுவது ஒன்றுண்டு. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சாலையோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்கு விதிகளிலேயே எழுதியிருந்தது. குடியரசுத் தலைவர் வரும்போது மட்டும் விடவேண்டியதில்லை என்று அதில் எழுதவில்லை. எழுதாத விலக்கை நாம்தான் பழக்கத்தால் சேர்த்துப் படித்து வந்தோம். அவர் எழுதியிருந்தபடி படித்தார்.

அதே ஜூன் மாதத்தில், அந்நிகழ்ச்சி நடந்த ஒரு வாரத்திற்குள், மத்திய அரசாங்கம் வண்டி ஓட்டுவோர்க்கான புதிய ஒழுங்கு விதிகளை வெளியிட்டது. சங்கொலியும் சுழல் விளக்குமாக வரும் அவசர வண்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே இடத்தில் சந்திக்குமாயின் எதற்கு முதலிடம் என்றும் அதில் வரிசை வகுத்தனர். தீயணைப்பு வண்டிக்கு முதலிடம். ஆம்புலன்சுக்கு அடுத்த இடம். மூன்றாவது போலீஸ் வண்டி. நான்காவது, குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாப் பணிகளைக் காப்பதற்கென அரசாங்கம் குறித்த வண்டி. ஆம்புலன்சுக்கு முன்னே தீயணைப்பு வண்டி ஏன் என்று சிலர் கேட்கலாம். ஆம்புலன்சில் செல்வது பெரும்பாலும் ஓர் உயிர். எரியும் கட்டிடத்தில் எத்தனை உயிர் என்பது சென்று பார்த்த பின்னரே தெரியும். அல்சூருக்கு அருகிலேயே, பழைய விமான நிலையச் சாலையில் இருந்த கார்ல்டன் டவர்ஸ் என்னும் கட்டிடத்தில் 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் நேர்ந்த தீ விபத்தில் ஒன்பது பேர் மாண்டனர்.

இவ்வரிசையில் எந்தப் பதவியின் பெயரும் இல்லை.

வழி விடாதவர்க்குத் தண்டனையும் பின்னர் வந்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 194இ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்சுக்கோ அரசாங்கம் குறித்த பிற அவசர வண்டிக்கோ ஒதுங்கி வழிவிடத் தவறுபவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அப்பிரிவு. அது அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பம்பாயிலோ டில்லியிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ வண்டி ஓட்டிப் பிழைக்கும் தமிழர் பலர் இவ்வுரையைக் கேட்கக்கூடும் என்பதனால் இதனைக் குறிப்பிட்டேன். முன்போல் மாநிலத்துக்கு ஒரு விளக்குப் பட்டியல் இப்போது இல்லை. மத்திய விதி ஒன்றே எங்கும் வழங்குகிறது. முகப்பில் ஆம்புலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை இடம் வலமாக மாற்றி எழுதியிருப்பதும் உங்கள் பொருட்டே; உங்கள் வண்டியின் பின்நோக்குக் கண்ணாடியில் அது நேராகத் தெரியும்.